பசித்தவருக்குத் தன் முகத்தையே கொடுத்தவன்

பின்னேரத் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக் கொண்டிருக்கிறது. முன் விறாந்தையில் உங்கள் மகன் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் கண் கொட்டாமல் அமர்ந்திருக்கிறான். திரையில் ஒரு வீரன் பறக்கிறான், பாய்கிறான், கட்டடங்களை நொறுக்குகிறான், எதிரியைத் தூள் தூளாக்குகிறான். நிகழ்ச்சி முடிந்ததும் உங்கள் மகனும் தும்புத்தடியைத் துவக்காக்கிக் கொண்டு தங்கையைத் துரத்துகிறான். "டேய், அவளை விடு!" என்று குசினியிலிருந்தே நீங்கள் குரல் கொடுக்கிறீர்கள்.

ஒரு கேள்வி. இத்தனை வீரர்களைத் திரையில் பார்த்திருக்கிறீர்களே, அவர்களுள் ஒருவனாவது பசியால் அழும் ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு பாண் கொடுத்ததைக் கண்டதுண்டா?

இதே கேள்வியை ஜப்பான் நாட்டில் ஒரு சித்திரக்காரர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் அப்படியொரு வீரனைத் தாமே வரைந்தும் காட்டினார். அவர் பெயர் தக்காஷி யனாசே. அவர் படைத்த வீரனின் பெயர் 'அன்பான்மேன்'.

பெயரைப் பாருங்கள்! நமது எழுத்தில் எழுதும்போது அதில் 'அன்பு' ஒளிந்திருக்கிறது. அது தற்செயல்தான். ஆனால், இன்னொரு உறவு தற்செயலல்ல. ஜப்பானியர் பாணைப் 'பான்' என்கிறார்கள். நாம் 'பாண்' என்கிறோம். இரண்டு நாடுகளுக்கும் அந்தச் சொல்லைக் கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கேயரே. 'அன்' என்பது ஒரு வகைச் சிவப்புப் பயற்றை அவித்து மசித்துச் சீனி சேர்த்த இனிப்புக் கலவை. அதை உள்ளே வைத்துச் சுட்ட வட்டமான பணிஸ்தான் 'அன்பான்'. சுமார் நூற்றைம்பது ஆண்டுகளாக ஜப்பானியர் விரும்பித் தின்னும் பண்டம் அது. ஏழையும் வாங்கக்கூடியது, பிள்ளைகளுக்கு உயிர்.

அந்தப் பணிஸையே தலையாகக் கொண்டவன் அன்பான்மேன். பசித்தவரைக் கண்டால் பறந்து வருவான். தன் முகத்தைப் பிய்த்து, "சாப்பிடு" என்று நீட்டுவான். முகம் குறையக் குறைய அவன் பலமும் குறையும். தள்ளாடித் தள்ளாடி வெதுப்பகத்துக்குத் திரும்புவான். அங்கே ஜாம் மாமா என்ற முதியவர் புதிய முகமொன்றைச் சுட்டு வைப்பார். மறுபடியும் பறப்பான்.

சிரிப்பாக இருக்கிறதா? இந்தப் பணிஸ் தலையின் பின்னால் ஓர் அனாதைச் சிறுவனின் கண்ணீரும், ஒரு போர்வீரனின் பசியும், திரும்பி வராத ஒரு தம்பியின் முகமும் இருக்கின்றன. கேளுங்கள்.

குடை பிடித்துச் சென்ற தாய்

யனாசே 1919 பெப்ரவரி 6இல் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் ஷிகோக்குத் தீவிலுள்ள கோச்சிப் பகுதி. ஒருபுறம் மலை, மறுபுறம் பசிபிக் கடல்.

தகப்பனார் பத்திரிகையாளர். தொழில் நிமித்தம் சீனாவுக்குச் சென்றவர் 1924இல் அங்கேயே காலமானார். யனாசேக்கு அப்போது 5 வயது. தம்பி சிஹிரோ இன்னும் சின்னவன். சிஹிரோவை மருத்துவரான பெரிய தகப்பனார் வளர்ப்புப் பிள்ளையாக ஏற்றுக் கொண்டார். சில காலத்தின் பின் தாய் மறுமணம் செய்தார். யனாசேயும் அதே மருத்துவரின் வீட்டில் விடப்பட்டார்.

கொஞ்ச நாளைக்கு இங்கே இரு என்றுதான் தாய் சொல்லிப் போனார். நன்றாக உடுத்து, குடை பிடித்துக் கொண்டு நடந்து போன அந்தத் தாயின் பின்தோற்றம் யனாசேயின் மனதை விட்டு இறுதிவரை நீங்கவில்லை. கொஞ்ச நாள் கொஞ்ச நாளாக இருக்கவில்லை. அது ஒரு பிள்ளைப் பருவம் முழுவதுமாக நீண்டு விட்டது.

பெரிய தகப்பனார் நல்லவர். சோறும் தந்தார், படிப்பும் தந்தார். எனினும் அதே வீட்டில் தம்பி மகனாகவும் தான் ஒதுங்க வந்தவனாகவும் இருப்பதை அந்தச் சிறுவன் உணர்ந்தான். தனிமையில் கடுதாசியும் பென்சிலுமே துணையாயின. பத்திரிகைகளில் வரும் சித்திரங்களைப் பார்த்து வரைவான். படம் வரைந்தால் மற்றவர் சிரிக்கிறார்கள் என்று கண்டுகொண்டான். அதுவே அவன் தொழிலாயிற்று.

டோக்கியோ சென்று வடிவமைப்புக் கலை பயின்றார். 1939இல் படிப்பு முடிந்து ஒரு மருந்துக் கம்பனியின் விளம்பரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் அது போர்க்காலம். 1941இல் இராணுவத்தில் சேருமாறு அழைப்பு வந்தது.

நீதி தலைகீழானது

பீரங்கிப் படையில் சேர்க்கப்பட்ட யனாசே சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே இரகசியச் செய்திகளைக் குறியீடாக்கும் வேலை அவருக்கு. படம் வரையத் தெரிந்தவர் என்பதால், உள்ளூர்ச் சனங்களின் முன்னால் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கதை சொல்லும் வேலையும் கொடுத்தார்கள். ஜப்பானியப் படை நல்லது செய்ய வந்திருக்கிறது என்று நம்பச் செய்வதே அதன் நோக்கம். பிற்காலத்தில் பிள்ளைகளுக்குப் படமும் கதையும் தந்த அதே கை, அன்று ஆக்கிரமித்த படையின் பிரசாரத்துக்குப் பயன்பட்டது.

அவர் துப்பாக்கிச் சண்டையில் அதிகம் அகப்படவில்லை. ஆனால் பசியில் அகப்பட்டார். போரின் இறுதிக் காலத்தில் உணவு வருவது நின்றது. தண்ணீரைப் போன்ற கஞ்சிதான் சாப்பாடு. அதுவும் போதாமல் புல்லையும் காட்டுச் செடிகளையும் பிடுங்கித் தின்றார்கள். நீண்ட நடைப்பயணத்தையும் கடும் வேலையையும் தாங்கிக் கொள்ளலாம், பசியை மட்டும் தாங்கவே முடியாது என்பதை அவர் அங்கே கற்றார்.

1945இல் ஜப்பான் தோற்றது. இந்தப் போர் நீதியான போர், துன்பப்படும் மக்களை மீட்கும் போர் என்று அதுவரை சொல்லிக் கொடுத்தவர்கள் ஒரே நாளில் பேச்சை மாற்றினார்கள். நேற்றைய நீதி இன்று அநீதியாயிற்று!

1946இல் ஊர் திரும்பினார். வீட்டில் தம்பி இல்லை. கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்த சிஹிரோ 1944இல் தாய்வானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடைப்பட்ட கடலில் கப்பலோடு மூழ்கிப் போயிருந்தார். வீட்டுக்கு வந்த அஸ்திக் கலசத்துக்குள் அஸ்தி இருக்கவில்லை. பெயர் எழுதிய ஒரு மரத்துண்டுதான் இருந்தது.

தம்பி படிப்பில் கெட்டிக்காரன், எல்லோருக்கும் பிரியமானவன். அவன் போய் நான் ஏன் மிஞ்சினேன் என்ற கேள்வி யனாசேயை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. அன்பான்மேனின் வட்டமான முகத்தை வரையும்போது எங்கோ தம்பியின் சாயல் தெரிவதாகவும், அப்போது நெஞ்சு வலிப்பதாகவும் முதுமையில் அவர் எழுதினார்.

அந்த நாட்களில்தான் அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியது. நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறிப் போகும் நீதி உண்மையான நீதியாக இருக்க முடியாது. எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் மாறாத நீதி ஒன்று உண்டா? உண்டு. பசித்தவனுக்கு உணவு கொடுப்பது. அதை எவர் தவறென்று சொல்லப் போகிறார்?

துணிச்சல்காரி நொபு

போர் முடிந்தபின் யனாசே கோச்சியில் ஒரு பத்திரிகை நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சஞ்சிகைப் பிரிவில் ஒரு பெண் பணியாற்றினார். பெயர் நொபு. போர் முடிந்த மறு ஆண்டே கணவனை இழந்தவர். ஆனால் மூலையில் முடங்கியவர் அல்லர். யனாசே கூச்ச சுபாவம் உள்ளவர். நொபுவோ எவருக்கும் அஞ்சாதவர். நொபு முதலில் டோக்கியோவுக்குப் புறப்பட்டார். 1947இல் யனாசேயும் பின்தொடர்ந்தார். இருவரும் வாழ்க்கையில் இணைந்தார்கள்.

டோக்கியோவில் மித்சுகோஷி என்ற பெரிய வர்த்தக நிலையத்தின் விளம்பரப் பிரிவில் யனாசேக்கு வேலை கிடைத்தது. 1950இல் அந்நிலையத்துக்காக ஓர் ஓவியர் வடிவமைத்த பொதி சுற்றும் தாளில் கடையின் பெயரை எழுதியது யனாசேயின் கைதான்.

மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தது. ஆனால் மனம் கேலிச்சித்திரத்தில் இருந்தது. வேலையை விடலாமா என்று தயங்கினார். நமது வீடுகளில் இப்படியொரு பேச்சு எழுந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்! நொபு சொன்னது வேறு. பயப்படாதீர்கள், வருமானம் வராவிட்டால் நான் உழைத்துச் சாப்பாடு போடுகிறேன் என்றார். 1953இல் யனாசே வேலையை விட்டார்.

பெயரில்லாத நீண்ட காலம்

விட்டார், ஆனால் வெற்றி வரவில்லை. அக்காலத்தில் ஒசாமு தெசூக்கா போன்ற இளைஞர்கள் நீண்ட சித்திரக் கதைகளால் ஜப்பானையே கவர்ந்து கொண்டிருந்தார்கள். நான்கு கட்டங்களில் சிரிக்க வைக்கும் யனாசேயின் பாணிக்கு மதிப்புக் குறைந்தது. அவர் எந்த வேலைக்கும் மறுப்புச் சொல்லாதவரானார். மேடைக் காட்சிகளுக்குத் திரை அமைத்தார். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதினார். பாட்டு எழுதினார். 1964 முதல் பொதுச்சேவைத் தொலைக்காட்சியில் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியராகத் தோன்றினார். முகம் தெரிந்தவரானார். ஆனால் இது அவர் படைத்தது என்று சொல்ல ஒரு பாத்திரம் இன்னும் இல்லை.

ஓர் இரவு மனம் சோர்ந்து மேசை விளக்கின் முன்னால் அமர்ந்திருந்தார். குளிருக்கு இதமாகக் கையை விளக்கின் அருகே நீட்டினார். விரல்களின் ஊடாக ஒளி பாய்ந்தது. உள்ளே ஓடும் இரத்தம் சிவப்பாகத் தெரிந்தது. நான் இவ்வளவு சோர்ந்திருக்கிறேன், என் இரத்தமோ ஓய்வில்லாமல் ஓடிக் கொண்டிருக்கிறதே என்று வியந்தார். அந்த வியப்பு 1961இல் ஒரு சிறுவர் பாட்டாயிற்று. உள்ளங்கையைச் சூரியனுக்கு நேரே நீட்டிப் பார்க்கச் சொல்லும் அந்தப் பாட்டைப் பாடாத ஜப்பானியப் பாடசாலைப் பிள்ளை இல்லை எனலாம்.

பின்னர் தெசூக்காவே அவரை அழைத்தார். 1969இல் வெளியான 'ஆயிரத்தொரு இரவுகள்' சித்திரப் படத்துக்குப் பாத்திரங்களை வரைந்து தரும்படி கேட்டார். அதற்கு நன்றியாக யனாசேயின் சொந்தக் கதையொன்றைப் படமாக்க வழி செய்தார். 'அன்பான சிங்கம்' என்ற அந்தக் குறும்படம் 1970இல் வந்தது. தாயில்லாத சிங்கக் குட்டியை ஒரு பெண் நாய் வளர்க்கிறது. குட்டி வளர்ந்து சர்க்கஸுக்குப் போகிறது. பல காலத்தின் பின் ஓர் இரவில் வளர்ப்புத் தாயின் தாலாட்டு கேட்க, கூண்டை உடைத்துக் கொண்டு ஓடுகிறது. குடை பிடித்துச் சென்ற தாயை இன்னும் தேடிக் கொண்டிருந்த மகன் அல்லவா அதை எழுதினான்!

பெரியவர்கள் வெறுத்த புத்தகம்

அன்பான்மேன் முதலில் பெரியவர்களுக்கான கதையாகவே 1969இல் ஒரு சஞ்சிகையில் வந்தான். அவன் அழகில்லாத, தடித்த, நடுத்தர வயது மனிதன். ஒட்டுப் போட்ட மேலங்கியோடு பறந்து சென்று பட்டினிப் பிள்ளைகளுக்குப் பணிஸ் கொடுப்பான். இறுதியில் அவனைப் பகைவன் என்று எண்ணிச் சுட்டு விடுகிறார்கள். அந்தக் கதையை எவரும் கவனிக்கவில்லை.

1973இல் பாலர் பாடசாலைகளுக்கு விநியோகிக்கும் சித்திரப் புத்தகமாக அதை மாற்றி எழுதினார். இப்போது வீரனின் தலையே பணிஸ். பாலைவனத்தில் பட்டினியால் சாகக் கிடக்கும் பயணி ஒருவனுக்குத் தன் முகத்தைக் கொடுக்கிறான்.

பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். முகத்தைப் பிய்த்துத் தின்னக் கொடுப்பதா? என்ன குரூரம்! பிஞ்சு மனம் கெடாதா? பதிப்பகத்தில் இருந்தவர்களே இனி இப்படி எழுத வேண்டாம் என்றார்கள். ஆசிரியைகளும் குறை கூறினார்கள்.

ஆனால் அந்தப் புத்தகத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் எழுத்தே தெரியாதவர்கள்! மூன்று வயதும் நான்கு வயதும் ஆன சின்னஞ் சிறுசுகள். யனாசேயின் வீட்டுக்கு அருகிலிருந்த புகைப்படக் கடைக்காரர் ஒருநாள் அவரிடம், உங்கள் புத்தகத்தை என் மகனுக்கு ஒவ்வோர் இரவும் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது என்றார். யனாசேக்கு வியப்பு! பாலர் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் அதே கதைதான். அந்தப் புத்தகம் மட்டும் கிழிந்து நைந்து போய், மறுபடி மறுபடி வாங்கப்பட்டது.

பெரியவர்கள் கண்டது குரூரம். பிள்ளைகள் கண்டதோ, தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும் ஒருவனை. உண்மையான நன்மையைச் செய்பவன் மினுங்கும் உடையில் வரமாட்டான், நன்மை செய்யும்போது தனக்கும் காயம் படாமல் இருக்காது என்பதே யனாசே அந்த நூலில் சொல்ல விரும்பியது. அதை விளக்கம் இல்லாமலே விளங்கிக் கொண்டவர்கள் பாலர்களே.

69 வயதில் வந்த விடியல்

1988 ஒக்டோபர் 3இல் அன்பான்மேன் தொலைக்காட்சிக்கு வந்தான். பெரிதாக எதிர்பார்த்தவர் எவரும் இல்லை. பிள்ளைகளோ பெட்டியை விட்டு அசையவில்லை. அந்த நிகழ்ச்சி 37 ஆண்டுகளைக் கடந்தும் ஓடிக் கொண்டிருக்கிறது. அதில் வந்த பாத்திரங்களின் எண்ணிக்கை 1,768 என்று 2009இல் கின்னஸ் சாதனையாகப் பதிவானது.

வேலையை விட்டது 34 வயதில். நாடறிந்தவரானது 69 வயதில். நடுவே 35 ஆண்டுகள்! ஆறு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் பிள்ளையின் பாடசாலையை மாற்றுகிற நமக்கு இந்தக் கணக்கு சற்று யோசிக்க வேண்டியது.

வெற்றி வந்த அதே ஆண்டின் இறுதியில் இடியும் விழுந்தது. நொபுவுக்கு மார்பகப் புற்றுநோய். இன்னும் மூன்று மாதம் என்றார்கள் மருத்துவர்கள். நொபுவோ மேலும் 5 ஆண்டுகள் வாழ்ந்து, 1993 நவம்பரில் மறைந்தார். தாம் உழைத்துச் சாப்பாடு போடுவதாகச் சொன்ன அந்தக் கணவர் 1991இல் அரச விருது பெற்றதைக் கண்ணாரக் கண்ட பின்புதான் போனார். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவர்களது பிள்ளைகள் ஆனார்கள்.

தனிமையில் யனாசே முடங்கவில்லை. 1996இல் பூர்வீக ஊரில் அன்பான்மேன் அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. ஊர்களும் சங்கங்களும் சின்னம் வரைந்து கேட்டால் பல வேளைகளில் பணம் வாங்காமலே வரைந்து கொடுத்தார். நிறம் நிறமான உடை அணிந்து மேடையேறிப் பாடிப் பிள்ளைகளையும் தாய்மாரையும் சிரிக்க வைத்தார். 84 வயதில் பாடகராக இசைத்தட்டும் வெளியிட்டார்!

கிருமியும் பாணும்

அன்பான்மேனுக்கு ஓர் எதிரி உண்டு. பெயர் பைக்கின்மேன், அதாவது 'கிருமி மனிதன்'. குறும்பு செய்வான், அடி வாங்குவான், அடுத்த வாரம் மறுபடி வருவான். அவனை ஏன் அடியோடு ஒழித்து விடவில்லை?

வீட்டில் மா பிசையும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். பாணைக் கெடுப்பதும் கிருமிதான். மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட்டும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான். அது இல்லாமல் பாணே இல்லை. நல்லதும் கெட்டதும் மோதிக் கொண்டே இருப்பதுதான் வாழ்க்கை; எதிரியை அழித்து ஒழிப்பது வெற்றியல்ல என்பது யனாசேயின் எண்ணம். போரில் தம்பியைப் பறிகொடுத்தவர் சொன்னது இது என்பதை மறந்து விடாதீர்கள்.

மறுபடியும் ஒரு பேரழிவு

2011 மார்ச் 11. ஜப்பானின் வடகிழக்கில் பூமி நடுங்கியது; கடல் பொங்கி ஊர்களை விழுங்கியது. 2004இல் கடல் பொங்கியதைக் கண்ட நமக்கு அந்தத் துயரத்தை விளக்கத் தேவையில்லை. வானொலியில் அன்பான்மேனின் பாட்டைப் போடும்படி வேண்டுகோள்கள் குவிந்தன. யனாசேயே எழுதிய பாட்டு அது. எதற்காகப் பிறந்தோம் என்று சின்னப் பிள்ளைகளிடமே கேட்கும் பாட்டு. பேச்சு மறந்திருந்த பிள்ளைகள் அகதி முகாம்களில் அதைச் சேர்ந்து பாடினார்கள். பக்கத்திலிருந்த பெரியவர்கள் அழுதார்கள்.

யனாசேக்கு அப்போது 92 வயது. நோய்களால் நொந்து, ஓய்வு பெற எண்ணியிருந்தார். அந்தச் செய்தி கேட்டு ஓய்வை ஒதுக்கி வைத்தார். பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு அன்பான்மேன் படங்களை வரைந்து அனுப்பினார். 2013 ஒக்டோபர் 13இல், 94 வயதில், கண்ணை மூடினார்.

'ஓஷின்' தொடரை ரூபவாஹினியில் பார்த்துக் கண் கலங்கிய சகோதரிகள் உங்களுள் பலர் இருப்பீர்கள். அதைத் தயாரித்த அதே ஜப்பானிய நிறுவனம், அதே காலைத் தொடர் வரிசையில், 2025இல் நொபுவையும் யனாசேயையும் முன்மாதிரியாகக் கொண்டு ஒரு தொடரை வெளியிட்டது. அதன் பெயர் 'அன்பான்'. கதாநாயகி நொபுவின் சாயலில் அமைந்தவள். சரிதானே!

கொடுப்பவருக்கும் ஒரு முகம் வேண்டும்

சகோதரிகளே, இந்தக் கதையில் ஒரு நுணுக்கம் உண்டு. அன்பான்மேன் கொடுத்துக் கொண்டே இருக்க முடிவது எதனால்? புதிய முகம் சுட்டுத் தர வெதுப்பகத்தில் ஒருவர் காத்திருப்பதால். யனாசேக்கு அப்படி நொபு இருந்தார்.

நமது வீடுகளில் தன்னைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பவள் யார்? உம்மா. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைத் தின்பவள் அவள். அவளுக்குப் புதிய முகம் சுட்டுத் தருபவர் யார்? இந்தப் பக்கத்தை வீட்டிலுள்ள ஆண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

இன்று பின்னேரம் உங்கள் மகன் வீரன் கதை கேட்டால், பணிஸ் தலை வீரனின் கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் மேசையிலிருக்கும் பணிஸை அவன் கையில் கொடுத்து, இரண்டாகப் பிய்க்கச் சொல்லுங்கள். பெரிய துண்டு யாருக்கு என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவனே யோசிக்கட்டும்.